சவாயி: ஒன்றேகால் மடங்கின் வரலாறு

ஜெய்ப்பூர் அரண்மனையின் உச்சியில் ஒரே கம்பத்தில் இரண்டு கொடிகள் பறக்கின்றன. ஒன்று முழு அளவுடையது. மற்றொன்று அதில் கால் பங்கு. இரண்டாம் ஜெய்சிங் (1688–1743) பெற்ற 'சவாயி' என்னும் பட்டத்தின் அடையாளம் அது. சவாயி என்றால் ஒன்றேகால் மடங்கு. மன்னர் பிறரைவிட உயர்ந்தவர் என்பதோடு நில்லாமல், எத்தனை மடங்கு உயர்ந்தவர் என்பதையும் அப்பட்டம் சொல்லிவிடுகிறது.

'கால் பங்குடன் கூடியது' எனப் பொருள்படும் 'சபாத' என்ற வடசொல்லின் வழிவந்த இச்சொல், அரண்மனையைவிடக் களத்துமேட்டில்தான் மிகுதியாகப் புழங்கியது. விதைப்புக் காலத்தில் கடனாகப் பெற்ற தானியத்தை அறுவடையின்போது ஒன்றேகால் மடங்காகத் திருப்புவது சவாயிக் கடன். ஒன்றரை மடங்காகத் திருப்புவது டியோடிக் கடன். வட இந்தியப் பாடசாலைகளில் சிறுவர்கள் முழு எண் வாய்ப்பாட்டோடு முக்கால், ஒன்றேகால், ஒன்றரை, இரண்டரை வாய்ப்பாடுகளையும் உருப்போட்டனர். நம் திண்ணைப் பள்ளிகளின் எண்சுவடியிலும் பின்ன வாய்ப்பாடுகள் உண்டு.

சவாயிக் கணக்கில் 4 மணங்கு வாங்கியவர் 5 மணங்கு தர வேண்டும். 8 வாங்கியவர் 10 தர வேண்டும். கூடுதல் 1, 2 என மாறுகிறது, மடங்கு மாறுவதில்லை. கடனின் இயல்பைச் சொல்வது கூடுதல் அன்று, மடங்கே. அந்த 10 மணங்கைத் தர இயலாமல் அதே கணக்கில் மறு அறுவடை வரை நீட்டித்தால் கடன் 12 அன்று, 12½. முதலில் 8-இன் கால் பங்காக இருந்த கூடுதல், இப்போது 10-இன் கால் பங்கு. 'எத்தனை மடங்கு?' என்பதோடு 'எதனுடைய மடங்கு?' என்றும் கேட்கத் தெரியாத குடியானவருக்கு அந்த அரை மணங்கு எங்கிருந்து முளைத்தது என்பதே விளங்காது.

இன்றைய தொடக்க வகுப்புகளில் பெருக்கல் பெரும்பாலும் தொடர் கூட்டலாகவே அறிமுகமாகிறது: 3 தட்டுகள், தட்டுக்கு 4 லட்டுகள். இது பிழையன்று, ஆனால் போதாது. 8-ஐ ஒன்றேகால் தடவை கூட்டுவது எப்படி? 8 விரல் நீள நாடாவின் அருகில் 10 விரல் நீள நாடாவை வைத்துப் பாருங்கள். சிறியதை நான்காக மடித்தால் ஒரு மடிப்பு 2 விரல். பெரியது அத்தகைய ஐந்து மடிப்புகள் கொண்டது. குழந்தை இங்கே கூட்டவில்லை, ஒப்பிடுகிறது.

மொழி இதை முன்பே அறிந்திருந்தது. நம் 'மடங்கு' என்ற சொல் மடிதலோடு உறவுடையது. இந்தியின் 'துகுனா', 'திகுனா' ஆகியவற்றில் உள்ள 'குண' என்ற வடசொல்லுக்குக் கயிற்றின் புரி என்றும் பொருளுண்டு. மடிப்பும் புரியும் ஓர் அளவை மற்றோர் அளவோடு பொருத்திப் பார்ப்பவையே.

1957-இல் பதின்ம நாணயம் வந்தது; பின்ன வாய்ப்பாடுகளின் தேவை குறைந்தது. அவற்றை மீண்டும் உருப்போடச் செய்ய வேண்டியதில்லை. மனப்பாடம் புரிதல் ஆகாது. ஆனால் வட்டியும் விலையும் இன்றும் மடங்குகளில்தான் பேசுகின்றன. 'எதனுடைய மடங்கு?' என்ற கேள்வியை எட்டு வயதிலேயே குழந்தையிடம் கொடுத்துவிடலாம்.

உங்கள் வீட்டு மூத்தோர் கால், அரைக்கால் வாய்ப்பாடு சொல்லக் கேட்டிருந்தால் இங்கே பதியுங்கள்.