சொல்லும் செயலும்: யாழ்ப்பாண வரலாற்றில் இரு சான்றுகள்

மாந்தர் வாயால் உரைக்கும் கொள்கையைக் கொண்டே அவர்தம் உள்ளத்தை அளந்துவிடலாம் என எண்ணுவோர் பலர். நம் குடாநாட்டு வரலாறோ அவ்வளவுகோலை ஐயுறச் செய்கின்றது.

1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், அரசாங்க உத்தியோகத்தைத் தம் புரட்டஸ்தாந்து சமயத்தோர்க்கே உரியதாக்கினர். கோயிற்பற்றுத்தோறும் அமைந்த பாடசாலைத் தோம்பிலே ஞானஸ்நானமும் விவாகமும் பதியப்பட்டன. பதிவில்லாத விவாகத்திற் பிறந்த பிள்ளைகளின் முதுச உரிமை ஐயத்துக்கிடமாயிற்று. ஆதலின் மக்கள் தோம்பிலே பெயர் எழுதுவித்தனர். மனையகத்தே சைவராய் வாழ்ந்தனர். விரதநாளில் உணவருந்திய வாழையிலையை வெளியே எறியாது கூரையிற் செருகி மறைத்தனர் என்பது வழிவழி வந்த செய்தி. 1795இல் ஆங்கிலேயர் கைக்கு நாடு மாறியபின் கட்டாயம் தளர்ந்தது. தோம்பு காட்டிய பெருந்தொகைக் கிறித்தவருட் பெரும்பாலார் விரைவில் வெளிப்படையாகவே சைவராயினர். அவர்கள் மதம் மாறினர் என்பதினும், மறைத்ததை வெளிப்படுத்தினர் என்பதே பொருந்தும்.

இம்முரண்பாடு அச்சத்தின் விளைவு, எனவே மன்னிக்கற்பாலது. அச்சமின்றியும் சொல்லும் செயலும் பிரிதல் உண்டு. லாப்பியர் என்னும் அமெரிக்க அறிஞர் சீனத் தம்பதியர் இருவருடன் 250க்கு மேற்பட்ட விடுதிகளுக்கும் உணவகங்களுக்கும் சென்றார்; ஓரிடத்தில் மட்டுமே மறுப்புக் கிடைத்தது. பின்னர்க் கடிதமூலம் வினவியபோது, விடையளித்தோரிற் பத்தில் ஒன்பதின்மருக்கு மேற்பட்டோர் சீனரை ஏற்கமாட்டோம் என்றனர். இவ்வாய்வு 1934இல் வெளிவந்தது. அங்கே சொல் கொடிது, செயல் நன்று.

நம்மிடையே நிகழ்ந்ததோ இதன் மறுதலை. 1924இல் தோன்றிய மாணவர் காங்கிரஸ், பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்று, சாதிவேற்றுமை ஒழியவேண்டும் என முழங்கியது. அதன் அழைப்பை ஏற்று 1927இல் காந்தியடிகள் இங்கு வந்தபோது மக்கள் பெருந்திரளாகக் கூடிப் போற்றினர். தீண்டாமை தீது என்ற அவர் உரையையும் கேட்டனர். ஆயினும் 1930ஆம் ஆண்டளவில், நிலத்திலிருந்து கற்ற பிள்ளைகளுக்கும் பாடசாலைகளிற் சம ஆசனம் அளிக்கப்பட்டபோது, எதிர்ப்பு மூண்டது. சில பாடசாலைகள் தீக்கிரையாயின. காங்கிரசார் பலர் தம் சொல்லிற் பிறழாது நின்றனர். கேட்டு மகிழ்ந்த சமூகமே பின்வாங்கியது.

1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. எனினும் பதினோராண்டு கழிந்து, 1968இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே வழிபட வந்தோர் தடுக்கப்பட்டனர். தடுத்தோர்க்குத் தலைமை தாங்கியவர் கணிதப் பேராசிரியராகவும் அமைச்சராகவும் விளங்கிய சி. சுந்தரலிங்கம். கல்வி மிகின் இவ்வேற்றுமை தானே ஒழியும் என்னும் நம்பிக்கைக்கு இதனினும் பெரிய சோதனை வேண்டுமோ?

ஒல்லாந்தர் காலத்தில் நம் முன்னோர் அயலார் விதித்த சொல்லைக் கூறித் தாம் நம்பியதைச் செய்தனர். இருபதாம் நூற்றாண்டில் நாம் நம்பியதாகக் கூறியதையே செய்யத் தவறினோம். முன்னதைப் பெருமையுடன் பேசுகின்றோம்; பின்னதைப் பேசுவதில்லை. வரலாறு கற்போர் இரண்டையும் ஒரே நேர்மையோடு எழுதுதல் வேண்டும். மேடைத் தீர்மானங்களை மட்டும் தொகுப்பின் நம் வரலாறு அழகாகவே தோன்றும். பாடசாலை வாங்கிலும் கோயில் வாயிலிலும் நிகழ்ந்தவற்றைச் சேர்த்தெழுதினாலன்றி அது உண்மையாகாது.