வண்ணக்கர்

மட்டக்களப்பு வாவிக்கரையில் தன்னாமுனையில் நின்று கேட்டாலும், தெற்கே மண்டூரில் கேட்டாலும் 'வண்ணக்கர்' என்றால் கோயிலை நடத்தும் பொறுப்பாளர் என்பார்கள். கணக்கு, திருவிழா, குடிகள் எனும் குலப்பிரிவுகளின் உரிமை எல்லாம் அவர் பார்வையில்தான். பூசை மட்டும் பூசகருடையது.

சொல்லோ பழையது. சங்கப் புலவர்களிடையே வடமவண்ணக்கன் பேரிசாத்தனார் என்றொரு பெயர் உண்டு. அங்கே வண்ணக்கன் நாணய நோட்டம் பார்ப்பவன். பொன்னின் மாற்றை அறிபவன். நல்ல காசையும் கள்ளக் காசையும் பிரித்தறிந்தவரின் பெயர், ஊர்ப் பொதுச் சொத்தைக் காப்பவருக்கு வந்து சேர்ந்தது பொருத்தம் என்றே நினைக்கிறேன். நம்பிக்கைதான் இரண்டு வேலைக்கும் முதல்.

மட்டக்களப்பில் குடி தாய்வழி வருவது. ஆகவே வண்ணக்கர் பதவியும் மரபில் தந்தையிடமிருந்து மகனுக்குப் போகாமல், தாய்மாமனிடமிருந்து அவர் சகோதரியின் மகனுக்குப் போகும். ஒரு குடியின் குரலாக அவர் பேசுவார்; மற்றக் குடிகளும் கோயில் சபையில் இருக்கும். தலைமையை ஒருவர் கையில் முழுதாக விடாத ஏற்பாடு இது.

இந்த ஏற்பாடு ஆய்வாளர்களையும் ஈர்த்தது. டெனிஸ் மக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் அக்கரைப்பற்றின் குடி, கோயில் அமைப்புகளைப் பல பதிற்றாண்டுகள் ஆராய்ந்து 2008இல் பெருநூல் வெளியிட்டார். மார்க் விற்றேக்கர் என்ற இன்னொரு மானிடவியலாளர் மண்டூர்க் கோயிலைப் பற்றி 1999இல் எழுதினார்.

தன்னாமுனை வழியே வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் போகும் முகாமைத்துவ மாணவர்களே, தலைமைத்துவத்தையும் நிறுவனப் பண்பாட்டையும் படிக்கையில் உங்கள் ஊர் வண்ணக்கரிடமும் ஒருநாள் போய்க் கேளுங்கள்.