வெளிறிய முகங்களும் ஒரு வைத்தியரும்

பதுளை மாவட்டத்தின் தென்னெல்லையில் உள்ள கொஸ்லந்தவிலிருந்து வெல்லவாய நோக்கி இறங்கும் பாதை, இரண்டு உலகங்களை இணைக்கும் பாதை. மேலே தேயிலை மலை. 220 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தியலும நீர்வீழ்ச்சியைக் கடந்து கீழே சென்றால், மலேரியா நுளம்பு நெடுங்காலம் ஆட்சி செலுத்திய வரண்ட சமவெளி. கொஸ்லந்த என்றதும் பலருக்கு 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தை லயங்களைப் புதைத்த மண்சரிவே நினைவுக்கு வரும். நான் இங்கு எழுதுவது, அவ்விதம் ஒரே நாளில் தலைப்புச் செய்தியாகாத ஒரு துயரத்தைப் பற்றி.

தோட்டத்துப் பிள்ளை வெளிறிப் போனால் காரணம் சோகை. சோகைக்குக் காரணம் கொழுக்கிப்புழுவும் உணவுப் பற்றாக்குறையும். ரொக்பெல்லர் நிறுவனம் 1916இல் இலங்கைத் தோட்டங்களில் கொழுக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கிய காலத்திலிருந்து நிலைபெற்ற கருத்து இது. பெரும்பாலும் உண்மையும்கூட. ஆனால் எல்லா வெளிறலும் ஒன்றல்ல. பரம்பரையாக வரும் தலசீமியாவிலும் முகம் வெளிறும். இந்நோயில் இரும்புச் சத்து குறைவதில்லை. உடலில் மிகுந்து, இருதயத்திலும் ஈரலிலும் படிந்து உயிரைக் குடிக்கிறது.

இந்த நோயை விளங்கிக்கொள்வதற்குத் தம் வாழ்நாளைத் தந்தவர் சேர் டேவிட் வெதரோல். 1933இல் லிவர்பூலில் பிறந்தவர். 1950களின் பிற்பகுதியில் கட்டாய இராணுவச் சேவைக்காகச் சிங்கப்பூர் சென்ற அந்த இளம் வைத்தியரிடம், கூர்க்காச் சிப்பாய் ஒருவரின் பெண் குழந்தை ஒப்படைக்கப்பட்டது. குருதி ஏற்றினால்தான் அக்குழந்தை உயிர் வாழும். ஏனென்று எவருக்கும் தெரியவில்லை. வடிதாளும் மோட்டார் வாகன பற்றரியும் கொண்டு செய்த பரிசோதனையில் அது தலசீமியா எனத் தெரிந்தது. மத்தியதரைக் கடலோர மக்களின் நோய் என்றே அதுவரை பெரிதும் கருதப்பட்டது அது. 1960இல் அவர் கட்டுரை வெளியிட்டபோது இராணுவ மேலதிகாரிகள் சினந்தனர். அனுமதியின்றி எழுதியது குற்றமாம்.

பின்னர் 1965இல், ஜோன் கிளெக் என்பவருடன் சேர்ந்து நோயின் அடிப்படையை அளந்து காட்டினார். ஹீமோகுளோபின் இருவகைப் புரதச் சங்கிலிகளால் ஆனது. ஒருவகை குறைந்தால் மற்றது மிகுந்து, சிவப்பணுவையே சிதைக்கிறது. மலேரியா வழங்கிய பிரதேசங்களில் இக்குறைபாடு ஏன் மலிந்திருக்கிறது என்பதற்கு 1949இலேயே ஹால்டேன் ஒரு விளக்கம் கூறியிருந்தார்: ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் குறைபாட்டைப் பெறும் 'காவி'க்கு மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பு உண்டு. இலங்கையை விட்டு மலேரியா போய்விட்டதென 2016இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. நுளம்பின் காய்ச்சல் போயிற்று. அது குருதியில் எழுதிச் சென்ற கணக்கு இன்னும் தீரவில்லை.

1990களில் வெதரோல் இலங்கைக்கு வந்தார். கனடாவின் நான்சி ஒலிவியரி, நம் நாட்டின் சாந்திமாலா டி சில்வா, அனுஜா பிரேமவர்தன ஆகியோர் உடன் உழைத்தனர். குருணாகல் வைத்தியசாலை அப்பணியின் மையமாயிற்று. 2000இல் 'லான்செட்' இதழில் வெளியான அவர்களது ஆய்வு, நோயாளர்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் ஹீமோகுளோபின் ஈ–பீட்டா தலசீமியா என்ற வகையினர் எனக் காட்டியது. 2005இல் அவ்வகையைச் சேர்ந்த 109 நோயாளர்களைப் பற்றி எழுதினார்கள். ஒருவருக்குக் கடுமையாகும் நோய் இன்னொருவருக்கு மிதமாக இருந்தது. அவசரப்படாமல் கவனித்து வந்தால், சிலர் தொடர்ச்சியான குருதியேற்றல் இல்லாமலே வாழ முடியும்.

ஆய்வேட்டில் இது ஒரு வரி. மலைத் தோட்டத்துத் தாய்க்கு இதுவே வாழ்க்கை. ஊவாவில் இதற்கான பெரிய சிகிச்சை நிலையம் பதுளையில்தான் இருக்கிறது. கடுமையான நோயுள்ள பிள்ளையை மூன்று, நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பஸ்ஸில் கொண்டுசெல்ல வேண்டும். சிகிச்சை இலவசம், ஆனால் அன்றைய பேர் விழாது. ஏற்றும் ஒவ்வொரு பை குருதியுடனும் ஏறத்தாழ 200 மில்லிகிராம் இரும்பு உடலில் சேர்கிறது. அதை அகற்ற வேறு மருந்து வேண்டும். அநாவசியமான ஒரு பையைத் தவிர்ப்பதன் பெறுமதி இதுதான்.

2018 டிசம்பரில் வெதரோல் காலமானார். என் பத்திரிகை வாழ்வில் தோட்டப்புறச் சுகாதாரம் பற்றிப் பலமுறை எழுதியிருக்கிறேன். சோகை என்ற சொல் அவற்றில் நிறைய வரும். தலசீமியா ஒருமுறையேனும் வந்ததில்லை. கேட்க வேண்டிய கேள்வியை நானும் கேட்கவில்லை.

காவிகளான இருவர் மணந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு நோய் வரும் வாய்ப்பு உண்டு. மணத்துக்கு முன் செய்யும் ஒரு குருதிப் பரிசோதனை அதைக் காட்டிவிடும். பத்துப் பொருத்தம் பார்க்கத் தவறாத நாம், பதினோராவதாக இதையும் பார்க்கலாம்.