இறுதித் தீர்ப்பும் இறைமன்னிப்பும்

இறைவன் பேரருளுடையன் என்பதும், முறை பிறழாதவன் என்பதும் சமயத்தார் பலர்க்கும் ஒப்ப முடிந்த உண்மைகளாம். இவ்விரண்டும் ஒருங்கு நிற்குமாறு யாங்ஙனம் என்னும் வினா எழுந்துழியே கொள்கைகள் வேறுபடுகின்றன. கிறித்து சமயத்தார் அனைவரும் முடிவில்லா நரகம் ஒன்றையே எக்காலத்தும் கூறிப் போந்தனர் எனச் சைவருட் சிலர் வாதத்திற் கூறுப. அச்சமய வரலாற்றை நோக்குவார்க்கு அக்கூற்று முற்றும் பொருந்தாமை புலனாம்.

சகோதரன் செய்த பிழையை எண்ணிக்கை பாராது மன்னித்தல் வேண்டுமென இயேசு பேதுருவுக்கு அறிவுறுத்தியதை மத்தேயு சுவிசேஷத்தின் 18-ஆம் அதிகாரம் கூறும். அந்நூலின் 25-ஆம் அதிகாரமோ, உலக முடிவில் நிகழும் தீர்ப்பில், எளியார்க்கு இரங்கினார் நித்திய வாழ்வையும், இரங்காதார் நித்திய தண்டனையையும் அடைவர் என்கின்றது. மக்கட்கு அளவிறந்த மன்னிப்பை விதித்த இறைவன், தான் மன்னித்தற்கு ஒரு நாளை எல்லையாக வகுப்பனோ? இதுவே அச்சமயத்துட் பல நூற்றாண்டு நிகழ்ந்த வாதத்தின் வித்தாம்.

இவ்வினாவை முதற்கண் விரிவாக ஆராய்ந்தாருள் தலைசிறந்தவர் ஓரிஜென் என்பார். இவர் கி. பி. 185-ஐ ஒட்டி எகிப்து நாட்டு அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த கிறித்தவக் குடியிற் பிறந்தவர். இவர் தந்தையார் 202-ஐ ஒட்டித் தம் சமயத்தின் பொருட்டு உயிர் துறந்தார். ஓரிஜெனும் முதுமையில், டேசியஸ் மன்னன் காலத்துச் சிறைப்பட்டு வதையுண்டு, சில ஆண்டுகளில் மறைந்தார். கொடியோர் கையிற் பெருந்துன்பம் உற்ற குடியினராகிய இவரே, கொடியோரும் ஒருநாள் உய்தல் கூடும் என்று கருதியமை நினைக்கற்பாலது.

அவர் இயற்றிய 'முதற்பொருள்கள்' என்னும் நூலிற் கண்ட கருத்து வருமாறு: நரகத் தீ இறைவன் புறத்தே மூட்டி வைத்ததன்று. மிகையுணவு உடலிற் காய்ச்சலை விளைத்தல் போல, அவரவர் தீவினையே அவரவர் உள்ளத்துத் தீயாய் மூளும். இறைவன் மருத்துவன், தண்டம் கைப்பு மருந்து. மருந்து நோய் தீர்த்தற்கே ஆதலின், இறுதியில் இறைவன் அனைத்திலும் அனைத்துமாய் நிற்பன் எனப் பவுலடிகள் கூறியதற்கிணங்க, உயிர்கள் யாவும் அவனை மீளச் சாரும். நான்காம் நூற்றாண்டினராகிய நீசா நகரத்துக் கிரகோரியாரும் இதனையொத்த கருத்தினர். அவர் இன்றும் திருச்சபையில் அடியார் வரிசையில் வைத்துப் போற்றப்படுகின்றார்.

இக்கொள்கையை மறுத்தவருள் வலியவர் அகுஸ்தீனார். 'இறைவன் நகரம்' என்னும் தம் நூலின் 21-ஆம் பகுதியில் அவர் நிகழ்த்திய தடைகளுள் இரண்டு முதன்மையானவை. மத்தேயு நூலில் வாழ்வுக்கும் தண்டனைக்கும் 'நித்தியம்' என்னும் அடை ஒன்றேயாதலின், தண்டனைக்கு முடிவு கூறின் வாழ்வுக்கும் முடிவு கூறல் வேண்டும் என்பது ஒன்று. உயிர்கள் தூயவாயிருந்து தம் விருப்பாற் பிறழ்ந்தன என ஓரிஜென் கொண்டமையால், மீண்டு தூயவானபின்னும் பிறழ்தல் கூடும்; ஆகவே அவர் கூறும் பேரின்பம் உறுதியற்றதாம் என்பது மற்றொன்று.

543-இல் ஜஸ்டினியன் பேரரசன் ஓரிஜெனுடைய கொள்கையைக் கண்டித்து ஆணை பிறப்பித்தான். 553-இல் கான்ஸ்டாண்டிநோபிளிற் கூடிய சங்கத்தில் அவர் பெயர் கண்டிக்கப்பட்டோர் வரிசையிற் சேர்ந்தது. அவர் கிரேக்க மூலநூலின் பெரும்பகுதி அழிந்துபோக, ருபினஸ் என்பார் 398-இற் செய்த இலத்தீன் மொழிபெயர்ப்பே முழுமையாக எஞ்சிற்று.

ஆயினும் வினா அழிந்திலது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தோமா அக்குவீனார், மன்னிப்பு ஒழிவது இறைவன்பால் அருள் வற்றியதனால் அன்று. இறந்தபின் தீயோர் விருப்பம் தீமையிலேயே நிலைத்துவிடுதலால் என்று விடையிறுத்தார். அருளிற் பிரியாது இறந்தும் மாசு முற்றும் நீங்காதார் தூய்மையுறும் உத்தரிக்கிற ஸ்தலத்தைக் கத்தோலிக்க திருச்சபை 1274, 1439, 1563 ஆகிய ஆண்டுகளிற் சங்கங்களின் வாயிலாக உறுதிசெய்தது. லூத்தர் வழியினர் 1530-இற் செய்த விசுவாச அறிக்கையோ, தீயோர் தண்டனைக்கு முடிவு கூறுவாரை மறுத்தது. ஏழாம் நூற்றாண்டுச் சிரிய முனிவர் நினிவே ஈசாக்கு, நரகமும் இறைவனது இரக்கம் கருதிய செயலே என எழுதிய பகுதி, 1983-இல் ஆக்ஸ்போர்டு நூல்நிலையத்து ஏடொன்றில் அடையாளம் காணப்பட்டு, 1995-இல் வெளிவந்தது.

சைவ சித்தாந்திகட்கு இவ்வரலாறு புதுமையன்று. தண்டமும் அருளே என்பது அவர்தம் துணிபாகலின். தம் சொல்வழி வாராத மக்களைப் பெற்றோர் ஒறுத்தலும் பரிவே என உவமை காட்டிச் சிவஞான சித்தியார் மறக்கருணையை விளக்கும். எனினும் ஓரிஜென் கொள்கையும் சித்தாந்தமும் ஒன்றே எனல் பொருந்தாது. அவர் மதத்தில் உயிர் முன்னர்த் தூயது, பின்னர் வீழ்ந்தது. சித்தாந்தத்திலோ ஆணவம் அநாதி. உயிர் தூய நிலையினின்று வீழ்ந்ததன்று. ஆணவத்தின் ஆற்றல் திருவருளால் மடங்கியபின் மீட்சி இல்லை. ஆகலின் அகுஸ்தீனாரின் இரண்டாந்தடை ஓரிஜெனைத் தாக்குமன்றிச் சித்தாந்தத்தைத் தாக்காது. உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பிற்று என்னும் சித்தாந்தத்தின்கண், அதன் விருப்பம் தீமையிலேயே என்றும் நிலைத்துவிடும் என்ற தோமா அக்குவீனார் கூற்றுக்கும் இடமில்லை.

வேற்றுச் சமயத்தை மறுப்போர் அதன் வலிய வாதங்களை அறிந்தே மறுத்தல் முறை. தீர்ப்பு அருளுக்கு எல்லையோ, அன்றி அருளின் செயல்களுள் ஒன்றோ என்னும் வினாவிற்கு, அச்சமயச் சான்றோருட் சிலர் தம் நற்பெயரையும் இழக்க நேர்ந்த விடையையே கூறிச் சென்றனர். அவரை உடன்வைத்து எண்ணாது அச்சமயத்தின் நரகக் கொள்கையை ஆராய்தல் நிரம்பாது என்க.