பழுதும் பழக்கமும்

“அடிக்கடி பிரித்துப் பார்; பழுது அணுகாது!” பொறிகளைப் பேணுவோரிடையே நெடுங்காலம் கொலுவீற்றிருந்த நம்பிக்கை இது. தேய்வது பொருளின் இயல்பு. தேய்ந்து ஒடியுமுன் பிரித்துத் துடைத்து, புதியது பூட்டினால் தீங்கு நேராது என்றால், தலையசைக்காதார் யார்? தலையசைத்தவர் பலர், கணக்கெடுத்தவர் சிலர். அந்தச் சிலரால் வரலாறு திரும்பிற்று.

இரண்டாம் உலகப்போர்க் காலம். உணவும் படைக்கலமும் ஏற்றிவந்த கப்பல்களை அட்லாண்டிக் கடலில் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் உடைத்தெறிந்தன. அவற்றை வேட்டையாடும் பொறுப்பு பிரிட்டனின் கரையோர விமானப்படைக்கு. விமானங்களோ குறைவு, அவற்றுள்ளும் பல, பட்டறையில் பிரிந்து கிடந்தன! காரணம் காண வந்த ஆய்வாளரிடையே உயிரியல் அறிஞர் வாடிங்டன் இருந்தார். மரபியல் அறிஞர் கார்டன் இருந்தார். பட்டறைப் பழக்கம் அவர்களைக் கட்டிப் போடவில்லை. ஏடுகளைக் கேட்டனர், எண்களைக் கேட்டனர்.

50 மணி நேரம் பறந்தால் ஒரு சோதனை என்பது விதி. சோதனை முடிந்ததும் பழுது குறைந்திருக்க வேண்டும். பறக்கப் பறக்கக் கூடியிருக்க வேண்டும். ஏடு காட்டியதோ நேர்மாறு! சோதனை முடிந்த உடனே பழுது மிகுந்தது; பறக்கப் பறக்கக் குறைந்தது; அடுத்த சோதனை வந்ததும் மீண்டும் மிகுந்தது.

ஏன் இந்த விந்தை? விமானம் ஒரு பொருளன்று. பல்லாயிரம் உறுப்புகளின் கூட்டு. ஒன்றை எட்டிப் பார்க்க ஒன்பதைக் கழற்ற வேண்டும். கழற்றிய கை தளர்வாகப் பூட்டலாம். புதிதாய்ப் பூட்டிய உறுப்பே குறையுடையதாகலாம். பழுதைத் தேடிச் சென்ற கை, பழுதை விதைத்து வந்தது!

போர் முடிந்தது, பழக்கம் முடியவில்லை. பயணிகள் விமானங்களையும் நாட்கணக்குப் பார்த்தே பிரித்தனர். 1960இல் அமெரிக்க அரசின் விமானத்துறையும் விமான நிறுவனங்களும் கூட்டுக்குழு அமைத்து ஆராய்ந்தன. பல உறுப்புகள் சேர்ந்த சிக்கலான கருவியைக் குறித்த காலத்தில் பிரிப்பதால், அதன் நம்பகத்தன்மை பெரிதும் உயர்வதில்லை என்று கண்டன. 1978இல் யுனைடெட் ஏர்லைன்சைச் சேர்ந்த நௌலன், ஹீப் இருவரும் வெளியிட்ட அறிக்கை இன்னும் தெளிவாகப் பேசிற்று: ஆராய்ந்த உறுப்புகளில் 89 விழுக்காட்டுக்கு வயதுவரம்பு கட்டுவதால் பயனில்லை, எஞ்சிய 11 விழுக்காட்டுக்கே அது உதவக்கூடும்.

அப்படியானால் பேணவே வேண்டாமா? வேண்டாம் என்பவன், 1954ஐ மறந்தவன். அவ்வாண்டு காமெட் விமானங்கள் இரண்டு நடுவானில் சிதறின. 56 உயிர்கள் மாண்டன. காற்றழுத்தம் ஏறியும் இறங்கியும் சோர்ந்த உலோகமே அங்குப் பிளந்தது. வயதறிந்து விலக்க வேண்டிய உறுப்புகளும் உண்டு. ஆகவே, எல்லாவற்றையும் பிரிப்பதும் பேதைமை; எதையும் பாராதிருப்பதும் பேதைமை.

புதிய முறை, ஒவ்வோர் உறுப்பையும் நோக்கி வினாத் தொடுத்தது: நீ பழுதானால் என்ன நேரும்? உயிர் போகுமா, பொருள் போகுமா? முன்கூட்டியே குறி காட்டுவாயா? உன் பணியை ஏற்க மற்றொன்று உண்டா? விடைக்கேற்ப வேலை வகுக்கப்பட்டது. விரிசல் காட்டுவதைக் கண்காணித்தனர்; சோர்வதைக் காலமறிந்து மாற்றினர்; துணையுள்ளதைப் பழுதாகும் வரை உழைக்க விட்டனர்.

விளைவு? டி.சி.8 விமானத்தில் காலக்கெடுவில் பிரிக்க வேண்டியவை 339. பின்னர் வந்த டி.சி.10இல் ஏழே ஏழு! டி.சி.8இன் உடற்சட்டச் சோதனை 20,000 மணி இடைவெளியை எட்டுவதற்குள் 40 இலட்சம் ஆள்மணி உழைப்பை விழுங்கிற்று. போயிங் 747க்கு அதே இடைவெளியை எட்ட 66,000 ஆள்மணியே செலவாயிற்று.

உழைப்பு குறைந்தது, காப்பு குறையவில்லை. கையை ஓங்குமுன் கணக்கைக் கேட்டதால் வந்த வெற்றி இது. நெடுநாள் செய்கிறோம் என்பது ஒரு செயலுக்கு வயது கூறும், நியாயம் கூறாது. பொறிக்கே இது பொருந்துமென்றால், பொறியை ஆளும் மனிதனுக்குப் பொருந்தாதா?