பட்டறையிலிருந்து பட்டாளத்துக்கு

இந்த எபிசோட் ஒரு டிரங்குப் பெட்டியில் ஆரம்பிக்குது. பூந்தமல்லி பக்கத்தில் இருக்கிற எங்க பாட்டி வீட்டுப் பெட்டி. உள்ளே பாட்டியோட அப்பாவின் ராணுவ டிஸ்சார்ஜ் சர்டிஃபிகேட் இருந்துச்சு. 'தாத்தா சண்டைக்குப் போனவர்'னு கேட்டு வளர்ந்தவன் நான். துப்பாக்கியோட கற்பனை பண்ணி வெச்சிருந்தேன். காகிதத்தில், தொழில்னு போட்டிருந்த இடத்தில் ஒரே வார்த்தை: பிளாக்ஸ்மித். கொல்லர். உண்மையைச் சொன்னா, கொஞ்சம் ஏமாற்றம்.

1939-ல் சுமார் 2 லட்சம் பேர் இருந்த இந்திய ராணுவம், 1945-க்குள்ள 25 லட்சமா வளர்ந்தது. இத்தனை பேர் நகரணும்னா பாலம் வேணும், ரோடு வேணும், உடைஞ்ச வண்டியைச் சரி பண்ண ஆள் வேணும். பெங்களூரைத் தலைமையிடமா வெச்சிருந்த மெட்ராஸ் சாப்பர்ஸ் படைக்கு அதுதான் வேலை. அதனால கொல்லர், தச்சர், கொத்தனார் எல்லாம் அங்க தேவைப்பட்டாங்க. அந்தப் படை வீரர்களுக்குச் செல்லப் பேரே 'தம்பி'. அதில் ஃபீல்ட் பார்க் கம்பெனின்னு ஒண்ணு உண்டு. பட்டறை, கருவி, பாலச் சாமான் எல்லாம் அவங்க பொறுப்பு. நம்ம ஆபீஸ்ல சர்வர் விழுந்தாத்தான் டெவ்ஆப்ஸ் டீம் ஞாபகம் வரும் இல்லையா, அந்த மாதிரி.

அந்த மாதிரி ஒரு கம்பெனியைச் சேர்ந்தவர்தான் சுபேதார் சுப்பிரமணியன். நம்ம அம்பத்தூர், ஆவடி எல்லாம் அப்போ இருந்த அதே செங்கல்பட்டு ஜில்லாக்காரர். 1944 பிப்ரவரி 24, இத்தாலியில் மிஞ்ஞானோ. கண்ணிவெடி அகற்றும்போது ஒண்ணு வெடிக்கப் போகுது. பக்கத்தில் இருந்தவங்களைக் காப்பாத்த அது மேலயே விழுந்தார். இறந்த பிறகு ஜார்ஜ் கிராஸ் விருது கொடுத்தாங்க. 'சண்டை போடாத ஆளுங்க'ன்னு நான் நினைச்சது அங்கதான் உடைஞ்சது.

சரி, ஊர்க் கொல்லர் ஏன் போகணும்? கலப்பைக்குக் கொழு அடிச்சு, வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போட்டு, அறுவடையில் நெல்லைக் கூலியா வாங்கின குடும்பம். 1941-ல் இரும்பு விநியோகத்தை அரசு கட்டுப்பாட்டில் எடுத்துச்சு. யுத்தத்துக்குப் போக மிச்சம்தான் மத்தவங்களுக்கு. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பான்கிட்ட விழுந்ததும் பர்மா அரிசியும் நின்னுபோச்சு. இரும்பு முதல்ல பட்டாளத்துக்குப் போச்சு, பின்னாடியே கொல்லரும் போனார். எனக்கு அப்படித்தான் தோணுது. வீரம், தேசம்னு சேர்த்துச் சொல்ல எனக்கு மனசு வரலை.

சம்பளத்தில் ஒரு பகுதியை வீட்டுக்கே அனுப்ப எழுதிக் கொடுக்கலாம். அந்தப் பணத்தில்தான் கொள்ளுப்பாட்டி குடும்பத்தை ஓட்டினாங்க. அதுவரை புருஷனுக்குத் துருத்தி இழுத்தவங்க. அவர் போனதும் உலை அணைஞ்சது. கடுதாசி வரும், பக்கத்து வீட்டுப் பையன் படிச்சுக் காட்டுவான். ஆனா எங்க இருக்கார்னு அதில் இருக்காது. தணிக்கை. இடத்தின் பேரை எழுதக் கூடாது. இத்தனைக்கும் பக்கத்து ஆவடியே அப்போ பெரிய ராணுவ முகாம். ஊரைச் சுத்தி சிப்பாய்ங்க, தன் சிப்பாய் எங்கேன்னு மட்டும் தெரியாது.

1946-ல் திரும்பி வந்தார். போகும்போது பாட்டிக்கு 2 வயசு, வரும்போது 6. வாசல்ல நின்ன ஆளைப் பார்த்து, 'யாரும்மா இவரு?'ன்னு கேட்டுட்டு அம்மா முந்தானைக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டாங்களாம். ரெண்டு நாள் கிட்ட வரலையாம். மூணாம் நாள் அவர் பட்டறையைக் கூட்டி உலையை மூட்டினார். சம்மட்டிச் சத்தம் கேட்டு பாட்டி தானாவே போய்த் துருத்திக் கயிறைப் பிடிச்சாங்களாம்.

உங்க வீட்டுப் பெட்டியில் இப்படி ஒரு காகிதம் இருந்தா, தொழில்னு போட்டிருக்கிற இடத்தில் என்ன இருக்குன்னு எனக்கு எழுதுங்க.