நாலு சர்வர், ஒரே லாகின்

கல்லூரிக் கணினி மையத்தில் நான் வேலை பார்த்த காலம் முழுக்க மாணவர்களும் ஆசிரியர்களும் மாறிமாறிக் கேட்டது ஒன்றுதான்: "சார், மெயிலுக்கு ஒரு தடவை, லைப்ரரிக்கு ஒரு தடவை, மார்க் பார்க்க ஒரு தடவைன்னு எத்தனை தடவைதான் பாஸ்வேர்டு அடிக்கிறது?" அவர்கள் கேட்டது வசதியை. ஒரு சர்வரில் நுழைந்தவரை அடுத்த சர்வர் தானாகவே அடையாளம் கண்டுகொள்ளும் ஏற்பாட்டை நிர்வாகமும் வசதியாகவே பார்த்தது. அனுமதி கேட்டு அனுப்பும் கோப்பிலும் அப்படித்தான் எழுதுவோம். அந்த ஏற்பாடு பிறந்த இடத்துக் கதை வேறு. எந்தக் கணினியையும் நம்ப முடியாத ஒரு வளாகத்தில், பாஸ்வேர்டை ஊர் சுற்ற விடக்கூடாது என்ற கவலையில் பிறந்தது அது. வசதியை மட்டும் எடுத்துக்கொண்டு கவலையைக் கழற்றி வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்தக் கதையை முதலிலிருந்து சொல்லத் தோன்றுகிறது.

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1961 நவம்பரில் பெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் முறையைச் செய்து காட்டியது. சி.டி.எஸ்.எஸ். என்று அதற்குப் பெயர். பலருடைய கோப்புகளும் ஒரே பெட்டிக்குள் கிடந்ததால் ஆளுக்கொரு பாஸ்வேர்டு தேவைப்பட்டது. அடுத்த ஆண்டே ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு, வாரத்துக்கு ஒதுக்கிய நாலு மணி நேரம் போதவில்லை. பாஸ்வேர்டு கோப்பை அச்சிடும்படி துளையட்டையில் ஒரு வேலை எழுதிக் கொடுத்தார். கணினி எல்லோருடைய பாஸ்வேர்டையும் அச்சிட்டுத் தந்துவிட்டது. பிறகொரு நாள் தற்காலிகக் கோப்பு இரண்டின் பெயர் மோதி, அன்றைய அறிவிப்பு வரவேண்டிய இடத்தில் பாஸ்வேர்டு பட்டியலே எல்லோர் முனையத்திலும் அச்சாகி வந்து நின்றது. கோர்பட்டோ தம் டூரிங் விருது உரையில் இதைத் தாமே சொல்லியிருக்கிறார்.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ரோஜர் நீடம் இதற்கு ஒரு வழி கண்டார். பாஸ்வேர்டைத் திரும்ப எடுக்க முடியாதபடி உருமாற்றி வைத்துவிட்டால், கோப்பு யார் கையில் சிக்கினாலும் பாஸ்வேர்டு அப்படியே கிடைக்காது. இன்றுவரை பெரும்பாலான சர்வர்கள் செய்துவரும் வேலை அது. அதே நீடம் 1978இல் ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்து மைக்கேல் ஷ்ரோடருடன் சேர்ந்து இன்னும் கடினமான கேள்வியை எடுத்துக்கொண்டார். கணினி ஒன்று என்பது போய், வலையில் இணைந்த பல கணினிகள் என்று ஆகிவிட்டது. நடுவில் கம்பியில் யாரும் ஒட்டுக் கேட்கலாம். முன்பின் அறியாத இரண்டு இயந்திரங்கள் ஒன்றையொன்று எப்படி நம்புவது? இருவருக்கும் தெரிந்த மூன்றாவது ஒருவர், இருவருக்கும் பொதுவாக ஒரு புதுச் சாவியைப் பூட்டிக் கொடுக்கலாம் என்பது அவர்கள் சொன்ன விடை.

காகிதத்தில் இருந்த அந்த விடைக்கு உயிர் கொடுத்தது மறுபடியும் எம்.ஐ.டி. 1983 மே மாதம், டிஜிட்டல், ஐ.பி.எம். ஆகிய நிறுவனங்களின் உதவியோடு, மாணவர்கள் எல்லோருக்கும் கணினி என்ற நோக்கத்தில் அதீனா திட்டம் தொடங்கியது. வளாகம் முழுக்கப் பொது அறைகளில் கணினிகள். எந்த மாணவரும் எதிலும் உட்காரலாம். இங்கேதான் சிக்கல். பொது அறையில் இருக்கும் கணினியை அணைத்துப் போட்டு, தன்னிடமுள்ள மென்பொருளை ஏற்றி, அதற்குத் தானே முதலாளி ஆகிவிட எந்த மாணவருக்கும் சில நிமிடம் போதும். அன்றைய யூனிக்ஸ் உலகிலோ, "இவர் இன்னார்" என்று ஒரு கணினி சொன்னால் இன்னொரு கணினி அப்படியே நம்பிவிடும் பழக்கம் இருந்தது. ஆசிரியர் பெயரைச் சொல்லி அவருடைய மெயிலை வாங்கிவிடலாம். அடுத்தவர் கணக்கில் பக்கம் பக்கமாக அச்சிட்டுக்கொள்ளலாம்.

இதைத் தடுக்க, ஸ்டீவ் மில்லரும் கிளிஃபோர்டு நியூமனும் நீடம்-ஷ்ரோடர் யோசனையை அடிப்படையாக வைத்துக் கெர்பரோஸ் என்ற அடையாளச் சரிபார்ப்பு முறையை வடிவமைத்தார்கள். ஜெனிஃபர் ஸ்டைனர், நியூமன், ஜெஃப்ரி ஷில்லர் மூவரும் 1988இல் வெளியிட்ட கட்டுரை அந்த அமைப்பைச் சொல்கிறது: 5,000 பேர், 650 கணினிகள், 65 சர்வர்கள். இந்தக் கணக்கைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நம் ஊர்ப் பொறியியல் கல்லூரி ஒன்றின் அளவுதான் நினைவுக்கு வரும். உலகம் முழுக்கப் பரவிய முறை அந்த அளவு வளாகத்துக்காகத்தான் செய்யப்பட்டது.

அது வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பின்னால் வந்த அத்தனைக்கும் மூலம் அதில் இருக்கிறது. நீங்கள் உங்கள் பெயரை அடிக்கிறீர்கள். கணினி பெயரை மட்டும் கெர்பரோஸ் சர்வருக்கு அனுப்புகிறது, பாஸ்வேர்டை அனுப்புவதில்லை. சர்வர் ஒரு டிக்கெட்டைத் தயார்செய்து, உங்கள் பாஸ்வேர்டிலிருந்து பிறக்கும் சாவியால் பூட்டித் திருப்பி அனுப்புகிறது. நீங்கள் அடிக்கும் பாஸ்வேர்டு சரியாக இருந்தால் உங்கள் கணினியிலேயே பூட்டு திறக்கும். தவறென்றால் குப்பைதான் மிஞ்சும். பாஸ்வேர்டு கம்பியில் ஏறவே இல்லை. திறந்ததில் கிடைப்பது, மற்ற டிக்கெட்டுகளை வாங்கித் தரும் முதல் டிக்கெட். மெயில் பார்க்க வேண்டுமா, அதைக் காட்டி மெயில் சர்வருக்கென்று ஒரு டிக்கெட் வாங்கலாம். அச்சிட வேண்டுமா, அதற்கும் தனி டிக்கெட். எல்லாம் பின்னணியில் நடக்கும், உங்களை யாரும் எதுவும் கேட்பதில்லை. ஒவ்வொரு டிக்கெட்டும் முத்திரையிட்ட ஓலை போல: கொண்டுபோகிறவரால் பிரிக்க முடியாது, யாருக்கு எழுதப்பட்டதோ அந்தச் சர்வரால் மட்டுமே முடியும். மெயில் சர்வருக்கு உங்கள் பாஸ்வேர்டு கடைசி வரை தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை. பயனாளி பாஸ்வேர்டை ஒரே முறை அடித்தால் போதும் என்பது, இந்த எச்சரிக்கையிலிருந்து தானாகக் கிடைத்த பலன்.

டிக்கெட்டைத் திருடி மறுநாள் காட்டினால்? 1981இல் டோரதி டென்னிங்கும் ஜியோவானி சாக்கோவும் நீடம்-ஷ்ரோடர் முறையில் இந்த ஓட்டையைக் காட்டி, நேரத்தைக் குறித்து அனுப்பினால் அடைக்கலாம் என்றார்கள். கெர்பரோஸ் அதை எடுத்துக்கொண்டது. அதீனாவில் முதல் டிக்கெட்டின் ஆயுள் 8 மணி நேரம். கூடவே புதுக் கடமை ஒன்றும் வந்து சேர்ந்தது: எல்லாக் கணினிகளின் கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும். ஐந்து நிமிட வித்தியாசம் வரை பொறுத்துக்கொள்வது வழக்கம். எங்கள் ஆய்வகத்தில் இதன் அருமை மின்வெட்டுக் காலத்தில் தெரியும். மதர்போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரி தீர்ந்த கணினிகள், கரண்ட் போய் வந்ததும் பல ஆண்டு பின்னால் போய் நின்றுவிடும். மாணவர் சரியான பாஸ்வேர்டை அடிப்பார், உள்ளே விடாது. "பாஸ்வேர்டு மாறிடுச்சு சார்" என்று வந்து நிற்பவரிடம் நான் முதலில் கேட்பது, திரையோரத்தில் என்ன தேதி காட்டுகிறது என்பதைத்தான்.

இதைப் புரிந்துகொள்ள விரும்பும் இளையவர்களுக்கு நான் கொடுப்பது 1988இல் பில் பிரயன்ட் எழுதிய உரையாடல். அதீனா, யூரிப்பிடீஸ் என்று மென்பொருள் எழுதும் இரண்டு பேர், நாலு காட்சி. அதீனா ஒரு திட்டம் போடுவாள், யூரிப்பிடீஸ் அதை உடைப்பான், அவள் மறுபடி வருவாள். கடைசிக் காட்சி முடியும்போது கெர்பரோஸை நாமே கண்டுபிடித்த உணர்வு வந்துவிடும். தொழில்நுட்பத்தை விளக்க இதைவிட நல்ல எழுத்தை நான் படித்ததில்லை. தமிழில் யாராவது இப்படி ஒன்று எழுத வேண்டும் என்ற ஆசை எனக்கு இன்னும் இருக்கிறது.

கெர்பரோஸ் வெளியுலகுக்குப் போனபோது அரசு குறுக்கே நின்றது. மறையாக்க மென்பொருளை ஆயுதக் கணக்கில் வைத்திருந்தது அமெரிக்கச் சட்டம். எனவே மறையாக்கப் பகுதிகளை உருவிவிட்டு எலும்புக்கூடு மட்டும் ஏற்றுமதியானது. ஆஸ்திரேலியாவில் எரிக் யங் அந்த எலும்புக்கூட்டுக்குள் விடுபட்டதை எழுதிச் சேர்த்தார். சுவீடனில் ஹெய்ம்டால் என்ற தனிப் பதிப்பே உருவானது. 1993இல் ஐந்தாம் பதிப்பு பொது நெறியாக வெளிவந்தது. விண்டோஸ் 2000 அதையே அடிப்படையாக ஏற்றதால், இன்று எத்தனையோ அலுவலகங்களில் காலையில் கணினியைத் திறப்பவர் கெர்பரோஸ் டிக்கெட்டோடுதான் வேலையைத் தொடங்குகிறார்.

வெப் வந்தபோது ஏறக்குறைய எல்லாமே முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. வெப் சர்வருக்கு ஞாபகம் கிடையாது. ஒவ்வொரு பக்கத்தையும் முதன்முறை வந்தவர் கேட்பதாகவே எண்ணும். தொடக்கத்தில் இருந்த எளிய முறையில் பிரவுசர் ஒவ்வொரு பக்கத்துக்கும் பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்ப அனுப்பியது. 1994இல் நெட்ஸ்கேப்பின் லூ மோன்டுல்லி குக்கீயைக் கொண்டுவந்தார். சர்வர் ஒரு சிறு குறிப்பைக் கொடுக்கும், பிரவுசர் அடுத்தமுறை அதைத் திருப்பிக் காட்டும். ஆனால் ஒரு தளம் கொடுத்த குக்கீயை வேறு தளத்துக்குக் காட்டக் கூடாது என்பது அதன் காவல் விதி. ஒரே கல்லூரிப் பெயரின் கீழ் இருக்கும் நூலகமும் தேர்வுப் பிரிவும் பகிர்ந்துகொள்ளலாம். பெயர் வேறானால் முடியாது.

இந்த முடிச்சை அவிழ்த்ததும் பல்கலைக்கழகங்களே. வாஷிங்டனில் பப்குக்கீ, மிச்சிகனில் கோசைன், ஸ்டான்ஃபோர்டில் வெப்ஆத் என்று ஆளாளுக்கு எழுதினார்கள். யேல் பல்கலையில் ஷான் பேயர்ன் எழுதிய காஸ்தான் எங்கள் கைக்கு வந்தது. நூலகத் தளத்துக்குப் போனால் அது உங்களைப் பொது லாகின் சர்வருக்குத் திருப்பிவிடும். பாஸ்வேர்டு அங்கே மட்டும். லாகின் சர்வர் ஒருமுறை மட்டுமே செல்லும் டிக்கெட் ஒன்றை முகவரியோடு ஒட்டி நூலகத்துக்கே திருப்பி அனுப்பும். நூலகச் சர்வர் அந்த டிக்கெட்டை எடுத்து, பிரவுசரைத் தொடாமல் நேராக லாகின் சர்வரிடம் "இது யார்?" என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும். அடுத்து மதிப்பெண் தளத்துக்குப் போனால், லாகின் சர்வர் கொடுத்த குக்கீ உங்கள் பிரவுசரில் ஏற்கெனவே இருப்பதால் கேள்வியே இல்லாமல் புது டிக்கெட். அந்தக் குக்கீக்கு வைத்த பெயரே கெர்பரோஸின் முதல் டிக்கெட்டின் பெயரை ஒட்டியதுதான். பிள்ளைக்குத் தாத்தா பெயர் வைப்பது இங்கேயும் உண்டு என்று அறிந்தபோது மகிழ்ந்தேன்.

கம்பெனிகளின் கதையைச் சுருக்கிவிடலாம். 1999இல் மைக்ரோசாஃப்ட் தன் பாஸ்போர்ட் வழியாக உலகத்துக்கே லாகின் கொடுக்க முன்வந்தது. அத்தனை பேர் அடையாளமும் ஒரே கம்பெனி வசம் போவதைப் பிறர் விரும்பவில்லை, 2005 தொடக்கத்தில் ஈபே அதிலிருந்து விலகியது. 2001இல் சன் நிறுவனம் முன்னின்று எதிர்க் கூட்டணி கட்டியது. ஒரு தளம் இன்னொரு தளத்துக்கு அடையாளத்தை உறுதி சொல்லும் சாம்ல் என்ற பொது நெறி 2002இல் வந்தது, 2005இல் அதன் இரண்டாம் பதிப்பு. அதே ஆண்டு பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக்கின் ஓப்பன்ஐடி. 2014இல் வந்த ஓப்பன்ஐடி கனெக்ட்தான் இன்று "கூகுள் வழியாக நுழைக" என்ற பொத்தானுக்குப் பின்னால் இருப்பது. எனக்கு நெருக்கமானது ஷிபலெத் என்ற மென்பொருள். அதில் ஒவ்வொரு கல்லூரியும் தன் மாணவருக்குத் தானே உறுதி சொல்லும். காந்திநகரின் இன்ஃப்ளிப்நெட் மையம் அதைக் கொண்டு இன்ஃபெட் கூட்டமைப்பை நடத்துகிறது. விடுமுறைக்கு ஊருக்குப் போன ஆய்வு மாணவி வீட்டிலிருந்தே வெளிநாட்டு ஆய்விதழைத் திறக்கலாம். பாஸ்வேர்டை அவள் கல்லூரி மட்டுமே பார்க்கிறது, பதிப்பகம் பார்ப்பதே இல்லை.

இனி நான் சண்டை போட்ட விஷயம். "எல்லாத் தளத்துக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்துவிட்டோம், வேலை முடிந்தது" என்பார்கள். நடந்திருப்பது என்னவென்றால், ஒவ்வொரு தளமும் தன் சொந்தப் பக்கத்தில் பாஸ்வேர்டை வாங்கி, மையப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கும். பட்டியல் ஒன்றுதான், ஆனால் பாஸ்வேர்டைக் கண்ணால் பார்க்கும் இடங்கள் பத்து. வெளியிலிருந்து எழுதி வாங்கிய வருகைப் பதிவு மென்பொருள் ஒன்று, தனக்கு வந்ததையெல்லாம் அப்படியே ஒரு குறிப்புக் கோப்பில் எழுதி வைத்திருந்ததை ஒரு நிறுவனத்தில் கண்டேன். மெயிலுக்கும் மதிப்பெண் திருத்தத்துக்கும் அதே பாஸ்வேர்டு. 1962இல் ஆலன் ஷெர் அச்சிட்டு எடுத்த பட்டியலுக்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அந்தத் தளங்களை லாகின் சர்வருக்குத் திருப்பிவிடும்படி மாற்றியபோது பயனாளிக்குத் தெரிந்தது பாஸ்வேர்டு அடிக்கும் தொல்லை குறைந்தது மட்டும். எனக்கு இரவுத் தூக்கம் வந்ததே அதன் பிறகுதான்.

தீராமல் நிற்பது வெளியேறும் பிரச்சினை. கெர்பரோஸில் லாகவுட் செய்தால் டிக்கெட்டுகள் அழிக்கப்படும். மறந்து எழுந்து போனாலும் சில மணி நேரத்தில் அவை தாமாகச் செத்துவிடும். வெப்பில் அப்படியில்லை. டிக்கெட்டைப் பார்த்து உள்ளே விட்ட ஒவ்வொரு தளமும் அதன் பிறகு தன் சொந்தக் குக்கீயைக் கொடுத்துவிடுகிறது. லாகின் சர்வரில் வெளியேறிய பிறகும் மெயில் திறந்தே இருக்கும். சொந்த மடிக்கணினி வைத்திருப்பவருக்கு இது பெரிதாகத் தெரியாது. விடுதி ஆய்வகத்திலும் பிரவுசிங் சென்டரிலும் ஒரே கணினியில் வரிசையாக உட்காரும் பிள்ளைகளுக்குத் தெரியும். பிரவுசர் வழியாக எல்லாத் தளங்களுக்கும் தகவல் சொல்லி வெளியேற்றும் முறைகளில் பல, பார்க்கும் பக்கத்துக்குள் மறைவாகத் திறக்கப்படும் பிற தளங்களின் குக்கீகளை நம்பியிருந்தன. விளம்பரக்காரர்கள் அதே குக்கீகளை வைத்து மக்களைப் பின்தொடர்ந்ததால், சஃபாரி பிரவுசர் 2020இல் அவற்றை முழுக்கத் தடுத்தது. மிஞ்சியது, லாகின் சர்வரே ஒவ்வொரு தளத்துக்கும் நேராகச் செய்தி அனுப்பும் வழி. காஸ் அதை முன்பே செய்தது. ஓப்பன்ஐடி கனெக்டில் அதற்கான நெறி 2022இல்தான் இறுதியானது. அதற்கு ஒவ்வொரு தளமும், எந்த டிக்கெட்டால் எந்த அமர்வு திறந்தது என்று கணக்கு வைத்திருக்க வேண்டும். பல மென்பொருள்கள் வைப்பதில்லை. அதனால் கல்லூரிக்கு ஏதாவது விற்க வருபவர்களிடம் நுழைவதைப் பற்றி நான் கேட்பதில்லை, அது இப்போது எல்லோரிடமும் இருக்கிறது. வெளியேறும் செய்தி வந்தால் உங்கள் சர்வர் என்ன செய்யும் என்று கேட்டு, சோதனைச் சர்வரில் செய்து காட்டச் சொல்வேன்.